மயக்க மருந்து மாறினால் ஷாக் சிகிச்சை பலிக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்குக் கடுமையான மனச்சோர்வு. சோறு தண்ணி வேண்டாம் என்று படுத்தே கிடந்தார். மூன்று முறை ஷாக் சிகிச்சை ஆனபிறகு இப்போதுதான் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார். வழக்கமாகப் போடும் தயோபென்டோன் என்ற மயக்க மருந்து ஸ்டாக் இல்லை, அதற்குப் பதில் புரோபோஃபால் போட்டுச் செய்கிறோம் என்கிறார்கள். பழைய மருந்து வரும்வரை தள்ளிப்போடலாமா? (வாசகி, பாலக்கோடு)

பதில்: தள்ளிப்போடாதீர்கள். தேறிவரும் நேரத்தில் இடைவெளி விழுந்தால் அம்மா மறுபடி படுத்துவிடுவாரோ என்பதுதான் என் கவலை.

மயக்க மருந்துத் தட்டுப்பாடு நம் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. 2011 ஜனவரியில் ஹோஸ்பிரா நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியதும் அமெரிக்காவிலேயே தயோபென்டோன் கிடைக்காமல் போனது.

புரோபோஃபால் பால்போல வெள்ளையாக இருக்கும். ஏறும்போது கை கொஞ்சம் எரியும். பிரஷர் அதிகம் எகிறாது, குமட்டலும் குறைவு. ஒரே சிக்கல், ஷாக் சிகிச்சையில் கரண்ட் கொடுத்து வலிப்பை வரவழைப்பதுதான் வைத்தியம்; இதுவோ வலிப்பை அடக்கும் மருந்து. தயோபென்டோனில் 40 விநாடி ஓடிய வலிப்பு இதில் 25 விநாடியிலேயே நின்றுவிடலாம். அதனால் பலன் போய்விட்டது என்று அர்த்தமில்லை. விநாடிக் கணக்கு மட்டுமே குணத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் பழைய கரண்ட் அளவையே அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. புரோபோஃபாலைக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் அடக்கமாகப் போட்டு, தேவைப்பட்டால் கரண்டைக் கூட்டுவார்கள். "மருந்து மாறுதுங்களே, கரண்ட் அளவையும் பார்த்துக்குவீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். அம்மா தூக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள், அவையும் வலிப்பை அடக்கும்.

எட்டோமிடேட், கெட்டமின் என்ற வேறு இரண்டு மயக்க மருந்துகளும் வலிப்பை அவ்வளவாக அடக்காது. ஆனால் கெட்டமினில் பிரஷர் ஏறும், தெளியும்போது சிலர் உளறுவார்கள். இதய நோய் இருந்தால் யோசித்துத்தான் போட வேண்டும்.

தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் ஊசியை வெளியே வாங்கிவரச் சொன்னால் கவனம். அது 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. ஐஸ் இல்லாமல் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவராதீர்கள்.

எந்தத் தட்டுப்பாட்டிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் ஷாக் கொடுப்பதை 2017 மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடைசெய்கிறது. இரண்டில் ஒன்றுக்கு எந்த மாற்றும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் அன்றைய சிகிச்சையைத் தள்ளிவையுங்கள். அல்லது தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மருந்து இருக்கிறதா என்று உங்கள் டாக்டரையே விசாரிக்கச் சொல்லுங்கள். இடம் மாறினால், போட்ட மருந்து, அதன் அளவு, கரண்ட் அளவு, வலிப்பு ஓடிய நேரம் நான்கையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.