செம்மண் பூமியில் குட்டி ரயில்: வாசகர் கேள்வி-பதில்

பாலக்கோடு வாசகர்: மாடி அறையில் 6 அடிக்கு 3 அடி பலகை போட இடம் இருக்கிறது. நம் மாவட்டத்து ரயிலைத்தான் மாதிரி ரயிலாகச் செய்ய ஆசை. எந்த ஸ்கேல் (நிஜத்தைச் சிறிதாக்கும் விகிதம்) எடுக்கலாம்?

கடையில் எளிதாகக் கிடைப்பது எச்.ஓ. ஸ்கேல், அதாவது 87-இல் ஒரு பங்கு. அதில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. அகலமுள்ள வெளிநாட்டுப் பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதையோ 1676 மி.மீ.; அதே ஸ்கேலில் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். நம்மூர் டபிள்யூ.பி. வகை அகலப்பாதை நீராவி எஞ்சினை அந்த 16.5-இல் நிறுத்தினால் முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கால் ஒடுங்கித் தெரியும். பலர் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், தப்பில்லை.

ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல வழி உங்கள் மண்ணிலேயே இருக்கிறது. 1905-இல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, 1906-இல் மொரப்பூர்–தருமபுரி என்று 762 மி.மீ. அகலத்தில் இரண்டு குறுகிய பாதைகள் வந்தன. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்க்க உதவும் என்று போட்டவை. தருமபுரிப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது. 1941-இல் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். இந்த 762-ஐ 87-ஆல் வகுத்துப் பாருங்கள், 8.76 வரும். எச்.ஓ.வைவிடச் சிறிய ‘என்’ ஸ்கேலின் தண்டவாள அகலம் 9 மி.மீ.! அதாவது, ‘என்’ தண்டவாளத்தை வாங்கிப் போட்டு, ஆள், மரம், ஸ்டேஷன் எல்லாவற்றையும் எச்.ஓ. அளவில் செய்தால் கணக்கு நேராகிவிடும். எஞ்சினுக்கும் ‘என்’ ஸ்கேல் சேஸிஸை (சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிச்சட்டத்தை) எடுத்து, மேலே உடம்பை பித்தளைத் தகட்டிலோ பிளாஸ்டிக் ஷீட்டிலோ நீங்களே கட்டலாம். 25 செ.மீ. ஆரத்தில் வளைவு போட முடியும் என்பதால் 3 அடி அகலம் தாராளம். அந்தத் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள் மட்டும் நெருக்கமாகவும் சன்னமாகவும் தெரியும். செம்மண்ணில் பாதி புதைத்துவிடுங்கள்.

மொரப்பூர்–தருமபுரி ஏறத்தாழ 30 கி.மீ. எச்.ஓ. அளவில் அதுவே 340 மீட்டருக்கு மேல் போகும். அதனால் ஒரே ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு ஓடைப் பாலம், ஒரு வளைவு போதும்.

கிருஷ்ணகிரி வாசகர்: பாறை செய்ய வெளிநாட்டு ரப்பர் அச்சு வாங்கினேன். எவ்வளவு வண்ணம் பூசினாலும் நம் மலை மாதிரி இல்லை.

இருக்காது. அந்த அச்சுகள் பெரும்பாலும் அடுக்கடுக்காக உடைந்து, கூர்மையான விளிம்போடு நிற்கும் பாறைக்கானவை. நம் பக்கத்துப் பாறை வேறு சாதி. கிருஷ்ணகிரி கோட்டை மலையையோ ராயக்கோட்டை மலையையோ ஒரு சாயங்காலம் நிதானமாகப் பாருங்கள். மொழுமொழுவென்று வழுக்கையான முதுகு, அதன்மேல் தனித்தனியாக உருண்டைக் குண்டுகள். வெயிலிலும் மழையிலும் மேல்தோல் வளைந்த தகடாக உரிந்து விழுவதால் வந்த உருவம் இது. எனவே அச்சை விட்டுவிட்டுக் கையால் செய்யுங்கள்.

தெர்மாகோலை உருண்டையாகச் செதுக்கி, ஃபெவிகால் கலந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தடிமனாகப் பூசுங்கள். ஈர ஸ்பாஞ்சால் ஒற்றினால் மணல்மணலான தோல் வரும். பாதி இறுகியதும், விரல் நகம் லேசாகப் பதியும் பதத்தில், பேனாக்கத்தியைச் சாய்த்து விட்டு மெல்லிய தகடாக ஓரிடத்தில் உரித்தெடுங்கள். உரித்த இடத்தின் விளிம்பு வளைந்து படிபோல நிற்கும். ‘இது நம்ம ஊர் மலை’ என்று அந்த ஒரு விளிம்புதான் சொல்லும்.

வண்ணத்துக்கு, லேசான ரோஜாச் சாயலோடு சாம்பல் நிறம் முதலில். காய்ந்தபின் தண்ணீராகக் கரைத்த கருப்பை மேலிருந்து கீழே கோடுகோடாக ஒழுக விடுங்கள். மழைநீர் வழியும் தடத்தில் நிஜப் பாறையும் அப்படித்தான் கறுத்திருக்கும். அடிவாரத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் செம்மண் தெறித்த கறை. கல் உடைத்த பாறை வேண்டுமென்றால், உடைந்த முகத்தின் விளிம்பில் ஊசியால் வரிசையாகக் குத்துங்கள், உளிக்குழி தயார்.

காவேரிப்பட்டணம் வாசகர்: மாந்தோப்பு செய்வது எப்படி?

மோட்டார் காயில் கட்டும் கடையில் பழைய செம்புக்கம்பி கிடைக்கும். அதை முறுக்கிக் கிளை பிரித்து, கிளையில் பீர்க்கங்காய் நாரை ஒட்டி, பச்சை சாயமேற்றிப் பொடித்த ஸ்பாஞ்சைத் தூவுங்கள். எல்லோரும் தவறும் இடம் உயரம். 10 மீட்டர் மரம் எச்.ஓ.வில் 11.5 செ.மீ. வர வேண்டும், பெட்டியைவிட மரம் இரண்டு மடங்குக்கு மேல் உயரம்! கடையில் விற்கும் மரங்கள் பாதிக்கு மேல் குட்டை. மாமரம் அடர்ந்து, கவிழ்ந்த கூடைபோல இருக்கட்டும். தோப்பில் மரங்கள் நேர்வரிசையில் நிற்கும், மறந்துவிடாதீர்கள். கொத்தாகச் சில கிளைகளில் மட்டும் செம்பழுப்புத் தளிர் வைத்தால் உயிர் வந்துவிடும்.

ஓசூர் வாசகர்: 32 மி.மீ. பாதைக்கு நிஜ நீராவியில் ஓடும் எஞ்சின் செய்கிறேன். பாய்லரைச் சாதாரண ஈயத்தால் பற்றவைத்தால் போதும் என்கிறார் நண்பர்.

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். 3 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் நீராவி 144 டிகிரியை நெருங்கும். ஈயம்–வெள்ளீயக் கலவை 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அதற்கு முன்பே சூட்டிலும் அழுத்தத்திலும் இணைப்பு மெல்ல மெல்ல நெகிழும். தண்ணீர் ஒரு தடவை குறைந்து தீ நேராகத் தகட்டில் பட்டால் இணைப்பு விட்டுப்போகும். எதிரே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒரு குழந்தை.

செம்புக் குழாய், செம்புத் தகடு, வெண்கலப் புஷ், 45 சதவீத வெள்ளி உள்ள பிரேசிங் ராட் (பற்றவைக்கும் கம்பி), அதற்கான ஃபிளக்ஸ், இவைதான் வேண்டும். பித்தளையை பாய்லருக்குப் பயன்படுத்தாதீர்கள். சூடான நீரில் நாளடைவில் அதன் துத்தநாகம் கரைந்து உள்ளுக்குள் பஞ்சாகிவிடும். ஏ.சி. மெக்கானிக்கின் ராட் பெரும்பாலும் பாஸ்பரஸ் கலந்தது. நிலக்கரி எரித்தால் அதன் கந்தகம் அந்த இணைப்பை அரிக்கும். பாய்லர் உடம்புக்குத் தேவையான பருமனான செம்புக் குழாயை ஆஸ்பத்திரி ஆக்சிஜன் குழாய் பதிப்பவர்களிடம் கேளுங்கள்.

முடித்ததும் காற்றே இல்லாமல் குளிர்ந்த நீர் நிரப்பி, கைப்பம்பால் 6 பாருக்கு ஏற்றி, கால் மணி நேரமாவது நிறுத்துங்கள். நீர் அமுங்காது; கசிந்தாலும் சொட்டோடு போய்விடும். காற்றடைத்துச் சோதிப்பது கொலைபாதகம். சேஃப்டி வால்வு தானாகத் திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே தண்டவாளம்.

பென்னாகரம் வாசகர்: நீராவி எஞ்சின் பாய்லரில் போர் தண்ணீரை ஊற்றலாமா?

கூடாது. நம் பக்கத்து ஃப்ளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும் பிரச்சினை. பாய்லரை அடைப்பது கால்சியம் உப்பு. வடிகட்டிய மழைநீரைக் கேனில் பிடித்து வையுங்கள்.

ஊத்தங்கரை வாசகர்: ஜல்லிக்கு எதைப் போடுவது?

நிஜ ஜல்லி 65 மி.மீ. வரை இருக்கும், எச்.ஓ.வில் முக்கால் மி.மீ. எம்-சாண்டைச் சலித்து எடுத்தால் அந்த அளவு கிடைத்துவிடும். அதன்மேல் காந்தத்தை இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். இரும்புத் துகள் இருந்தால் எஞ்சின் மோட்டார் அதை இழுத்துக்கொள்ளும். அப்புறம், ஃபெவிகாலில் சரிபாதிக்கு மேல் தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் சேர்த்து, இங்க் ஃபில்லரால் விடுங்கள்.

அரூர் வாசகர்: சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகுகிறது.

முதலில் சக்கரங்களை இணைக்கும் ராடுகளைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைச் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றினால் கோளாறு இரண்டில் ஒன்று. ஒரே ஆக்சிலின் இடது கிராங்குக்கும் (சக்கரத்தில் ராடு மாட்டும் முளை) வலது கிராங்குக்கும் 90 டிகிரி இருக்க வேண்டும். அது ஓரிரு டிகிரி முன்னேபின்னே போனாலும் எல்லா ஆக்சிலிலும் ஒரே அளவாக இருந்தால் ஓடும். ஒன்று மட்டும் மாறினால் இறுகும். இல்லாவிட்டால் ராடின் துளை இடைவெளி ஆக்சில் இடைவெளியோடு ஒத்துப்போகவில்லை. துளையைப் பெரிதாக்கித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், எஞ்சின் கடகடவென்று நொண்டும். புது ராடு வெட்டி, சட்டத்தின் ஆக்சில் துளைகளையே வழிகாட்டியாக வைத்து, இரண்டு ராடையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டுத் துளையுங்கள்.