17 வயசுல அப்பா அம்மாவை விட்டுத் தனியா இருக்கச் சட்டம் விடுமா?

கேள்வி இதுதானுங்க: "எனக்கு 17 வயசு. வீட்டுல இருக்கப் பிடிக்கலை. தனியா ரூம் எடுத்துத் தங்கினா சட்டப்படி தப்பா?" கோபிச்செட்டிபாளையம், அந்தியூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போற யோசனைன்னு வெச்சுக்கிட்டே சொல்றேன். பெத்தவங்களுக்கு எதிரா புள்ளைகளைக் கிளப்பி விடறேன்னு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சட்டம் தெரியாம வீட்டை விட்டுக் கிளம்பறதுதான் புள்ளைகளுக்கு ஆபத்து.

தனியாத் தங்கறது உங்க மேல குற்றமாகாது கண்ணு. ஆனா 18 ஆகறதுக்கு முந்தி, கோர்ட்டுல மனுப் போட்டுத் தனி ஆளாகிக்கற ஏற்பாடு நம்ம நாட்டுல கிடையாது. அப்பா அம்மா சம்மதத்தோட ஹாஸ்டல்லயோ, அத்தை வீட்டுலயோ இருந்தா ஒரு சிக்கலும் இல்லை.

சம்மதமில்லாமப் போனா அடி விழறது உங்களைக் கூட்டிட்டுப் போனவங்க மேல. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 137-ஆம் பிரிவுப்படி அது கடத்தல், 7 வருசம் வரைக்கும் ஜெயில். பழைய சட்டத்துல பையனுக்கு 16, பொண்ணுக்கு 18னு இருந்துச்சு. 2024 ஜூலை 1லிருந்து ரெண்டு பேருக்கும் 18. தானா வீட்டை விட்டு வந்த பொண்ணு கூடப் போனதே கடத்தல் ஆகாதுன்னு 1964ல வரதராஜன் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்குதுங்க. அதை நம்பி சிநேகிதர் வீட்டுல போய் நிக்காதீங்க. தீர்ப்பு வர்றதுக்குள்ள அவங்க ஸ்டேசனுக்கு அலையணும். ரூமும் அப்படித்தான்: 18 ஆகாதவங்க போட்ட வாடகை ஒப்பந்தம் கோர்ட்டுல நிக்காது.

வீட்டுல அடி, கட்டாயக் கல்யாணம், வேற தொந்தரவுன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் குழந்தைகள் நலக் குழு இருக்குது, நீங்களே நேராவும் போலாம். குழு கூடாத நாள்ல ஒரு உறுப்பினர் முன்னாடி நின்னாப் போதும். பாட்டி வீட்டுலயோ சித்தி வீட்டுலயோ இருக்கேன்னு மொதல்லயே பேர், விலாசத்தோட எழுதிக் குடுங்க. சொல்லாம விட்டா குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பிடலாம். வீட்டு விசாரணை 15 நாளுக்குள்ள, இறுதி உத்தரவு 4 மாசத்துக்குள்ள வரணும்கிறது சட்டம். ஆதார்ல வயசு மாறியிருந்தாப் பயப்பட வேண்டாம். குழு மொதல்ல பாக்கறது பள்ளிக்கூடச் சான்று, பத்தாவது சான்றைத்தான்.

கேட்காத ஒண்ணையும் சொல்லிடறேன், மனசு கேக்கலை. மில்லு ஹாஸ்டல்னா சுதந்திரம்னு நெனச்சுட்டு 16, 17 வயசுப் பொண்ணுக புரோக்கர் பின்னாடி போறாங்க. மூணு வருசம் முடிஞ்சா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்னு ஆசை காட்டறான், ஒரிஜினல் மார்க் சீட்டை வாங்கி வெச்சுக்கறான். நடுவுல வெளிய வந்தா ரெண்டும் கையில இல்லை. யாரு கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் குடுங்க. பெண்கள், குழந்தைகள் தங்கற விடுதிக்கு உரிமம் வேணும்னு தமிழ்நாட்டுல 2014லயே சட்டம் வந்தாச்சு. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்லை.

18-வது பொறந்த நாள் விடியறப்பவே நீங்க மேஜர். அப்புறம் எங்க தங்கறதுங்கறது உங்க முடிவு. அப்பவும் வீட்டுல காணோம்னு புகார் குடுத்தா ஒளியாதீங்க. பத்தாவது சான்றோட ஸ்டேசனுக்குப் போய், சொந்த விருப்பத்துல இருக்கேன்னு எழுதிக் குடுங்க. ஆளைக் கோர்ட்டுல கொண்டு வந்து நிறுத்தச் சொல்ற ஆட்கொணர்வு மனுப் போட்டா சென்னை உயர் நீதிமன்றம் உங்களையே கேக்கும், அதே பதிலைச் சொன்னாப் போதும். வக்கீலுக்குக் காசில்லைன்னா மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க. பொண்ணுகளுக்கும் 18 ஆகாத பசங்களுக்கும் வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் வெச்சுத் தருவாங்க.