நாட்டு மருந்துப் பெட்டி: அமுக்கராவை (அஸ்வகந்தா) பக்குவம் பண்ணுவது எப்படி?

தூக்கம் வர்றதுக்கு நல்லதுன்னு நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா பொடி வாங்கி, ராத்திரி பாலில் ஒரு ஸ்பூன் கலந்து குடிச்சேனுங்க. ரெண்டே நாளில் வயிறு உப்புசம், பேதி. இதை எப்படிச் சாப்பிடோணுமுங்க?
– வாசகி, காங்கேயம்

நீங்கள் குடித்தது சுத்தி செய்யாத பச்சைப் பொடியாக இருக்க வேண்டும். அளவும் அதிகம். டீஸ்பூனைக் குவித்து அள்ளினாலே 4 கிராமைத் தொட்டுவிடும். பச்சைப் பொடி வயிற்றைக் கலக்குவது வழக்கம்தான். அதனால்தான் சித்த மருத்துவத்தில் அமுக்கராவைப் பாலில் பிட்டவியல் செய்த, அதாவது பாலின் ஆவியில் புட்டுபோல அவித்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள்.

முதலில், பொடியாக வாங்காமல் கிழங்காகவே வாங்குங்கள். கடையில் சீமை அமுக்கரா என்று கேட்டால் கொடுப்பார்கள். விரல் நீளத்துக்கு, மேல்தோல் பழுப்பு மஞ்சளாக இருக்கும். கையில் வைத்து முறித்தால் வெடுக்கென்று முறிய வேண்டும். முறிந்த இடம் வெள்ளைவெளேர் என்று, மாவுப் பிடிப்போடு இருந்தால் நல்ல சரக்கு. நாராகக் கிழிந்தால் முற்றிய வேர் அல்லது தண்டுக் கலப்பு. பைக்கு அடியில் மாவு கொட்டிக் கிடந்தாலோ கிழங்கில் ஊசித்துளை தெரிந்தாலோ வண்டு விழுந்துவிட்டது, வாங்க வேண்டாம். பொடியாகத்தான் கிடைக்கிறது என்றால் நிறத்தைப் பாருங்கள். வேர்ப்பொடி வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும். பச்சை சாயல் அடித்தால் இலையையும் தண்டையும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள்.

இனி பக்குவம். கிழங்கு 250 கிராம். மண் போகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இடித்துத் துணியில் சலியுங்கள். வாயகன்ற போசியில் பாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து பாதிக்கு மட்டும் ஊற்றுங்கள். வாயில் வெள்ளைத் துணியை இறுக்கி வேடு கட்டுங்கள். பொடியில் கொஞ்சம் பால் தெளித்து, புட்டு மாவுக்குப் பிசிறுவதுபோல் பிசிறித் துணியின் மேல் பரப்பி, மூடிபோட்டு, அடுப்பை மட்டாக எரியவிட்டு முக்கால் மணி நேரம் அவியுங்கள். நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். பிறகு தட்டில் உதிர்த்து, கட்டியில்லாமல் மொறமொறவென்று காயும்வரை வெயிலில் வைத்து, மறுபடி இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

இதில் கெடுவது மூன்று இடங்களில். பிசிறும்போது பால் அதிகமானால் பொடி களியாகி, மேலே வெந்து உள்ளே பச்சையாக நிற்கும். போசி நிறைய ஊற்றினால் பால் பொங்கித் துணியை நனைத்துவிடும், அப்போதும் களிதான். மூன்றாவதுதான் பலரும் செய்வது: அரைகுறையாகக் காய்ந்ததுமே டப்பாவில் அடைப்பது. பால் ஏறிய பொடி என்பதால் ஒரே வாரத்தில் பூசணம் பிடித்து, புளித்த வாடை வரும். அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தனியாகச் சாப்பிடுவதைவிட அமுக்கரா சூரணமாகச் சாப்பிடுவது வயிற்றுக்கு நல்லது என்பது எங்கள் எண்ணம். அதன் கணக்கை மனப்பாடமே செய்துவிடலாம். கிராம்பு 1 கிராம், சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, தோல் சீவிய சுக்கு 32, சுத்தி செய்த அமுக்கரா 64, சர்க்கரை 128 கிராம். ஒவ்வொன்றும் முந்தினதைப்போல இரண்டு பங்கு. கனமான கிழங்குப் பொடியைச் செரிக்கவைக்கத்தான் சுக்கும் திப்பிலியும் இத்தனை சேர்கின்றன. சரக்குகளைத் தனித்தனியே லேசாக வறுத்து இடித்து, சர்க்கரையைக் கடைசியில் கலக்க வேண்டும். 1 முதல் 2 கிராம்வரை, காலையும் இரவும் உணவுக்குப் பின் வெதுவெதுப்பான பாலில். சரிபாதி சர்க்கரை என்பதால் நீரிழிவுக்காரர்களுக்கு இந்தச் சூரணம் ஆகாது.

உங்களுக்கு இப்போதைக்குப் பொடியை நிறுத்துங்கள். வயிறு சரியான பிறகு, சித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டிக்கொண்டு, ராத்திரி மட்டும் 1 கிராமில் தொடங்குங்கள். முதல் நாளே தூக்கம் சொக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில வாரங்கள் எடுக்கும்.

எங்க தோட்டத்து வேலியோரம் அமுக்கரா தானாவே முளைச்சுக் கெடக்குது. அதைத் தோண்டி உபயோகிக்கலாமுங்களா? இலையைக் கஷாயம் வச்சுக் குடிக்கலாம்னு செல்போன்ல வருதே?
– வாசகர், பல்லடம்

வேலியில் கிடப்பதும் அதே செடிதான். ஆனால் கல்லாங்காட்டில் தானாக முளைத்ததன் வேர் மெல்லிசாக, கட்டையாக, மாவில்லாமல் இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் பக்கம் பயிர் செய்து வருவதுதான் கடைச் சரக்கில் பெரும்பங்கு. உங்கள் செம்மண்ணில் நீங்களும் விதைத்துப் பார்க்கலாம். தண்ணீர் தேங்காத நிலம் வேண்டும், பாசனம் குறைவாகப் போதும். விதைத்து 5, 6 மாதத்தில் இலை காய்ந்து பழம் செக்கச்சிவந்ததும் வேரோடு பிடுங்கி, தண்டை நறுக்கிவிட்டு, வேரை 7 முதல் 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக் காயவைக்க வேண்டும். தாமதித்தால் வேர் நாரேறிவிடும்.

இலையை உள்ளுக்குக் குடிக்கவே வேண்டாம். வித்தாஃபெரின் என்ற கடுமையான சத்து வேரைவிட இலையில் மிகுதி. 2021-ல் ஆயுஷ் அமைச்சகமே, அமுக்கராவில் இலையைத் தவிர்த்து வேரை மட்டும் பயன்படுத்தும்படி மருந்து தயாரிப்பவர்களைக் கேட்டுக்கொண்டது. வீக்கத்துக்கு இலையை வதக்கி மேலே கட்டுவது பழைய வழக்கம், அது வேறு.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். கூடவே அமுக்கரா எடுக்கலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

டாக்டரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அமுக்கரா தைராய்டு சுரப்பைத் தூண்டக்கூடியது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு எகிறி நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், உடம்பு இளைப்பு வரலாம். தைராய்டு கூடுதலாகச் சுரப்பவர்கள் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு ஈரல் பாதித்திருக்கிறது. உடம்பு அரிப்பு, கண் மஞ்சள், சிறுநீர் கடும் டீ நிறத்தில் போவது – இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

காட்டில் கண்வலிக் கிழங்கு (செங்காந்தள்) போட்டிருக்கோம். வெதை எடுத்த பொறகு கெழங்கு மிச்சம் கெடக்குது. மூட்டு வலிக்கு அதை வேகவச்சுச் சாப்பிட்டா கேக்கும்ங்கறாங்க, உண்மைங்களா?
– வாசகர், மூலனூர்

சாப்பிட்டால் உயிர் போகும். இதில் ஒளிவுமறைவாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரத்தில் இதன் விதைக்கு விலை கிடைப்பது அதிலுள்ள கோல்சிசின் என்ற மருந்துச் சத்துக்காக. கௌட் என்னும் மூட்டு வீக்கத்துக்கு அதைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்குகிறார்கள். ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம்தான். மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல். கிழங்கில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. வேகவைத்தாலும் அது அழியாது. சித்தர்கள் இதைச் சுத்தி செய்து மருந்தில் சேர்த்தார்கள் என்பது உண்மை. அது வைத்தியருடைய வேலை, அடுப்படி வேலை இல்லை.

தெரியாமல் யாராவது தின்றுவிட்டால், சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் பிய்த்துக்கொண்டு போகும். அதற்காகக் காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தின்ற கிழங்கில் ஒரு துண்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது. ரத்த அணுக்கள் குறைவதும் சிறுநீரகம் கெடுவதும் அதற்குப் பிறகு, அடுத்தடுத்த நாட்களில்தான். விதைக்கிழங்கைச் சேனை, கருணையோடு ஒரே இடத்தில் போடாமல் தனிச் சாக்கில் கட்டி, பெயரெழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கையாண்ட பிறகு சோப்பு போட்டுக் கைகழுவிவிட்டுச் சோற்றில் கை வையுங்கள்.

வீட்டில் போடும் நன்னாரி சர்பத்தில் வாசமே வருவதில்லை. ஏன்?
– வாசகி, பொள்ளாச்சி

வேரைக் கொதிக்கவிடுகிறீர்கள். வாசம் தோலில்தான் இருக்கிறது, கொதித்தால் ஆவியோடு போய்விடும். 50 கிராம் வேரைக் கழுவி நசுக்கி, நடுவிலுள்ள வெள்ளைக் கட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, தோலை மட்டும் ஒரு லிட்டர் கொதிநீர் ஊற்றி மூடி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் வடிகட்டி, அதில் கால் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியில் ஒரு கிலோ சர்க்கரை போட்டுப் பிசுக்குப் பதம் வரக் காய்ச்சி இறக்கி, எடுத்து வைத்ததைச் சூட்டோடு ஊற்றிக் கலக்குங்கள். பாகு கொஞ்சம் இளகுவதால் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையைக் குடிக்கும்போது டம்ளரில் பிழிந்தால் போதும். விரல் பருமனுக்கு வேர் கிடைத்தால் அது மாகாளிக் கிழங்காக இருக்கலாம். வாசம் ஒன்றுபோல இருக்கும், ஊறுகாய்க்குத்தான் அது பொருத்தம்.