எண்ணெய் நிறுவனங்கள் சொல்வதும் செய்வதும்: வாசகர் கேள்வி பதில்

காலநிலை மாற்றம் குறித்து அண்மையில் வந்த கடிதங்களில் பல, எரிபொருளைத் தோண்டி எடுத்து விற்பவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எண்ணெய் நிறுவனங்களுக்கு இந்த ஆபத்து பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரியும் என்கிறார்களே, இதற்கு ஆதாரம் உண்டா, அல்லது வெறும் அரசியல் குற்றச்சாட்டா? – கல்லூரி மாணவி, திருச்சி

ஆதாரம் உண்டு, அதில் பெரும்பகுதி அந்த நிறுவனங்களின் சொந்தக் கோப்புகளிலேயே இருக்கிறது. அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் நூற்றாண்டையொட்டி 1959இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த கருத்தரங்கில், இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர், எரிபொருளை எரிப்பதால் காற்றில் சேரும் கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்றும், பனிப்பாளங்கள் உருகினால் கடலோர நகரங்கள் மூழ்கும் என்றும் அத்தொழிலின் முன்னோடிகள் முன்னிலையிலேயே எச்சரித்தார். 1977இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் மூத்த அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக் இதே செய்தியைத் தம் நிர்வாகக் குழுவுக்கு விளக்கினார். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் தன் எண்ணெய்க் கப்பல் ஒன்றில் கருவிகளைப் பொருத்தி, கடல்நீரிலும் அதன் மேலுள்ள காற்றிலும் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று அளந்து பார்த்தது. தனக்கென வெப்பநிலைக் கணிப்புகளையும் தயாரித்தது. 1977 முதல் 2003 வரையிலான அந்தக் கணிப்புகளை ஆராய்ந்து 2023இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான கட்டுரை, அவற்றுள் 63 முதல் 83 விழுக்காடு வரை பின்னாளில் நிகழ்ந்ததோடு பொருந்தியிருப்பதாகக் கண்டறிந்தது. பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.20 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடும் என்பதே அவர்கள் கணக்கிட்டிருந்த சராசரி.

இவ்வளவு நேர்த்தியாகச் செய்த ஆய்வைப் பொதுமக்களிடம் சொல்லாமல் விட்டதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 1989இல் எண்ணெய், நிலக்கரி, வாகனத் தொழில்கள் சேர்ந்து 'உலகக் காலநிலைக் கூட்டணி' என்ற அமைப்பைத் தொடங்கி, அறிவியல் இன்னும் உறுதிப்படவில்லை என்று 2002 வரை பிரசாரம் செய்தன. உமிழ்வைக் குறைக்க உலக நாடுகள் கூடிய கியோட்டோ பேச்சுவார்த்தைக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், 1997 அக்டோபரில் பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெட்ரோலிய மாநாட்டில் எக்ஸானின் தலைவர் லீ ரேமண்ட், இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இப்போது பூமி குளிர்ந்தே இருக்கிறது என்று பேசினார். தம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் சொன்னதற்கு நேர்மாறாக அவர் பேசிய அந்தக் காலமே உலகம் மலிவாகவும் மெதுவாகவும் மாறியிருக்கக்கூடிய காலம். அது திரும்பக் கிடைக்காது.

கேள்வி: எல்லா நிறுவனங்களையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமா? பிபி, ஷெல் போன்றவை மாறியிருக்கின்றன அல்லவா? – ஓய்வுபெற்ற பொறியாளர், மதுரை

நியாயமில்லைதான். 1997 மே மாதம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய பிபி தலைவர் ஜான் பிரவுன், காலநிலை மாற்றத்தை இனியும் புறக்கணிக்க முடியாது என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றின் தலைவர் அப்படிப் பேசுவதற்கு அன்று துணிவு வேண்டியிருந்தது. பிபியும் அடுத்து ஷெல்லும் மேலே சொன்ன கூட்டணியிலிருந்து விலகின.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தன் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030க்குள் 40 விழுக்காடு குறைப்பதாக 2020இல் பிபி அறிவித்தது. அந்த அளவுக்கு வேறு எந்தப் பெரிய எண்ணெய் நிறுவனமும் முன்வராத நேரம் அது. 2022இல் உக்ரைன் போரால் எண்ணெய் விலை ஏறி, எக்ஸான் மொபில் (முன்பு சொன்ன எக்ஸானின் இன்றைய பெயர்) ஒரே ஆண்டில் ஏறத்தாழ 56 பில்லியன் டாலர் இலாபம் ஈட்டியதும் முதலீட்டாளர்களின் பார்வை மாறியது. 2023 பிப்ரவரியில் பிபி தன் இலக்கை 25 விழுக்காடாகத் தளர்த்தியது. 2025 பிப்ரவரியில் எண்ணெய், எரிவாயு முதலீட்டை ஆண்டுக்குப் பத்து பில்லியன் டாலராக உயர்த்தி, புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான முதலீட்டை வெட்டுவதாக அறிவித்தது. அங்கு பணிபுரிவோரின் நேர்மையை நான் ஐயுறவில்லை. பங்குதாரருக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு நிறுவனம் தானாக முன்வந்து ஏற்ற உறுதிமொழி, இலாபக் கணக்கு மாறும்போது நிலைக்காது என்பதையே இது காட்டுகிறது.

உண்மையாகவே தொழிலை மாற்றிக்கொண்ட ஒரு நிறுவனத்தைச் சொல்ல வேண்டுமென்றால் டென்மார்க்கின் ஒர்ஸ்டெட்டைச் சொல்வேன். நிலக்கரியை நம்பி மின்சாரம் தயாரித்துவந்த அந்த நிறுவனம், 2017இல் தன் எண்ணெய், எரிவாயுத் தொழிலை விற்றுவிட்டுக் கடற்காற்றாலைகளுக்கு மாறியது. 2024இல் நிலக்கரியை முற்றிலும் கைவிட்டது. அந்த வழியும் எளிதாக இருக்கவில்லை. வட்டியும் செலவும் கூடியதால் 2023இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடலோரத் திட்டங்கள் இரண்டை அது கைவிட நேர்ந்தது. அதன் பங்குகளில் பாதிக்கு மேல் டென்மார்க் அரசிடம் இருந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது.

கேள்வி: "மக்கள் கேட்பதால்தான் நாங்கள் எண்ணெய் எடுக்கிறோம், எங்கள் உற்பத்தியில் உமிழ்வைக் குறைத்து வருகிறோம்" என்று நிறுவனங்கள் சொல்வதில் என்ன தவறு? – வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

இந்த வாதத்தின் முதற்பகுதியில் உண்மை இருக்கிறது. எண்ணெயையும் எரிவாயுவையும் ஒழித்துவிடலாம் என்ற கற்பனையைக் கைவிட வேண்டும் என்று சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் தலைவர் அமீன் நாசர் 2024 மார்ச்சில் ஹூஸ்டன் மாநாட்டில் பேசியபோது, ஏழை நாடுகளின் ஆற்றல் தேவையையும் எடுத்துக்காட்டினார். விறகடுப்புப் புகையில் சமைக்கும் குடும்பத்துக்கு எரிவாயு உருளை ஒரு விடுதலை என்பதை நம் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் இரண்டாம் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஓர் எண்ணெய் நிறுவனத்தின் உமிழ்வில் இரண்டு வகை உண்டு. கிணறு தோண்டுவது, சுத்திகரிப்பது, கொண்டுசெல்வது ஆகியவற்றில் வெளியேறுவது ஒரு வகை. விற்ற எரிபொருளை வாங்கியவர் எரிக்கும்போது வெளியேறுவது மற்றொரு வகை. அதுவே மொத்தத்தில் மிகப் பெரிய பங்கு. 'நிகரச் சுழியம்', அதாவது வெளியேற்றும் அளவும் காற்றிலிருந்து நீக்கும் அளவும் சமமாகும் நிலை, என்று ஒரு நிறுவனம் அறிவிக்கும்போது, இந்த இரண்டாம் வகையையும் கணக்கில் சேர்த்திருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில் ஐம்பது எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் கையெழுத்திட்ட சாசனம் முதல் வகையை மட்டுமே பேசுகிறது.

அந்தச் சாசனம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேனின் கசிவும் அந்த முதல் வகையில் அடங்கும். அது இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேல் சூடேற்றக்கூடியது. குழாய்களிலும் கிணறுகளிலும் கசியும் அந்த வாயுவை அடைப்பது, விரைவில் பலன் தரும் செயல்களுள் ஒன்று. கசிவதைப் பிடித்து விற்கவும் முடியும் என்பதால் பல இடங்களில் செலவும் குறைவு. இதை அவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம்.

நிறுவனங்களின் மனத்தை அறிய அவற்றின் விளம்பரங்களைவிட முதலீட்டுக் கணக்கே நம்பத்தக்கது. பன்னாட்டு ஆற்றல் முகமை 2023 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் எண்ணெய், எரிவாயுத் தொழிலின் மூலதனச் செலவில் ஏறத்தாழ 2.5 விழுக்காடுதான் தூய ஆற்றலுக்குச் சென்றது. மக்களின் தேவையை நிறைவேற்றுவது மட்டுமே நோக்கம் என்றால், மக்களுக்கு நாளை தேவைப்படப்போவதற்கு இவ்வளவு சிறிய தொகையை ஒதுக்குவானேன்?

கேள்வி: கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் புதைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா? – பள்ளி ஆசிரியர், ஈரோடு

தொழில்நுட்பம் உண்மையானது. நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயுத் தளத்தில் 1996 முதல், ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் டன் வரை, கரியமில வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்திவருகிறார்கள். அங்கு கிடைக்கும் எரிவாயுவில் கரியமில வாயு மிகுதியாக இருந்ததால், விற்பனைக்கு முன் அதைப் பிரித்தெடுத்தே ஆக வேண்டியிருந்தது. பிரித்ததைக் காற்றில் விடாமல் புதைக்கத் தூண்டியது எது என்றால், கரியமில வாயு வெளியேற்றத்துக்கு 1991இல் நார்வே அரசு விதித்த கார்பன் வரிதான். வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவாக இருந்தது. பொறியாளர்கள் வழி கண்டார்கள்.

அளவைப் பார்த்தால் நம்பிக்கை குறைகிறது. உலகில் ஆற்றல் பயன்பாட்டால் ஆண்டுதோறும் வெளியாகும் கரியமில வாயு 3,700 கோடி டன்னை ஒட்டியது. எல்லா நாடுகளிலும் சேர்த்து இன்று பிடிக்கும் திறன் ஏறத்தாழ ஐந்து கோடி டன். பிடித்ததிலும் பெரும்பகுதி, பழைய கிணறுகளில் மேலும் எண்ணெய் எடுக்கவே செலுத்தப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் அமெரிக்க நிறுவனமான ஷெவ்ரான் நடத்தும் கார்கன் எரிவாயுத் தளத்தின் புதைப்புத் திட்டம் தாமதமாகத் தொடங்கி, உறுதியளித்த அளவை எட்ட முடியாமல் திணறியது. சிமெண்ட், உரம் போன்ற வேறு வழி குறைந்த தொழில்களுக்கு இந்த முறையை ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை. புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கு அனுமதிச் சீட்டாக இதைக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: என் தந்தை நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை செய்தார், நான் ஒப்பந்தத் தொழிலாளி. நிலக்கரியை நிறுத்த வேண்டும் என்று எழுதுகிறவர்கள் எங்களைப் பற்றி ஏன் எழுதுவதில்லை? – வாசகர், நெய்வேலி

நீங்கள் கேட்பது சரி. இந்த விவாதத்தில் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும் கேள்வி இதுவே. நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரியை நம்பி வாழ்ந்த ஜெர்மனியில் இரண்டு வகை முடிவுகளும் நடந்திருக்கின்றன. 1990இல் நாடு ஒன்றானதும் கிழக்குப் பகுதியான லவுசிட்ஸில் சுரங்கங்களும் ஆலைகளும் அடுத்தடுத்து மூடப்பட்டு, சில ஆண்டுகளிலேயே பெரும்பாலோர் வேலை இழந்தார்கள். இளைஞர்கள் ஊரைவிட்டுச் சென்றார்கள். மேற்கே ரூர் பகுதியிலோ, கருநிலக்கரிச் சுரங்கங்களை 2018க்குள் மூடுவதென்று 2007இலேயே அரசும் நிறுவனமும் தொழிற்சங்கமும் உடன்பட்டு, முன்கூட்டிய ஓய்வூதியம், இடமாற்றம், மறுபயிற்சி ஆகியவற்றின் வழியாகக் கட்டாய ஆட்குறைப்பு இல்லாமல் முடித்தார்கள். 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்த 2020இல் சட்டம் இயற்றியபோது, சுரங்கப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கியதற்கு லவுசிட்ஸின் பழைய காயமும் ஒரு காரணம்.

நெய்வேலியில் 1962 முதல் இயங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. அதன் இடத்தில் வந்த 1,000 மெகாவாட் நிலையமும் பழுப்பு நிலக்கரியிலேயே ஓடுகிறது. எனவே மாற்றம் நாளைக்கே வந்துவிடப்போவதில்லை. ஆனால் இந்தியா 2070இல் நிகரச் சுழியத்தை எட்டுவதாக 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்துவிட்டது. இன்று வேலைக்குச் சேரும் இருபது வயது இளைஞரின் பணிக்காலத்துக்குள்ளேயே அதன் விளைவு உங்கள் ஊருக்கு வந்து சேரும். ரூர் பகுதிப் பேச்சுவார்த்தை சுரங்கங்களை மூடுவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தது. உங்கள் சங்கம் நிரந்தரப் பணி, ஊதிய உயர்வுக் கோரிக்கைகளோடு, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் நிலம் கொடுத்த குடும்பங்களையும் சேர்த்த ஒரு மாற்றுத் திட்டத்தையும் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். எந்த ஆண்டில் எந்தச் சுரங்கம், எத்தனை பேருக்கு என்ன பயிற்சி, அதற்கான நிதி யாரிடமிருந்து என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும்.