எழுந்தால் தலைசுற்றல்: பிராஸ்டேட் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 66. பிராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் 0.4 மி.கி. கேப்ஸ்யூலை இரவு படுக்கும்போது போட்டுக்கொள்கிறேன். இரவில் நான் சாப்பிடுவதில்லை. சிறுநீர் தடையின்றிப் போகிறது. ஆனால் நள்ளிரவில் எழுந்தால் தலை சுற்றுகிறது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுக்கிறேன். அடுத்த மாதம் கண்புரை அறுவை சிகிச்சை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். முதலில் நேரத்தை மாற்றுங்கள்.

பிராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைகள் நார்அட்ரினலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளின் சொல்படி இறுகுகின்றன. அந்தச் செய்தியை வாங்கும் ஆல்ஃபா-1 ஏற்பிகளை இந்த மருந்து அடைத்துவிடுவதால் தசை தளர்ந்து வழி விடுகிறது. இரத்தக் குழாய்ச் சுவரிலும் இதே வகை ஏற்பிகள் உண்டு. எழுந்து நிற்கும்போது அவை சட்டென இறுகினால்தான் தலைக்கு ரத்தம் ஏறும். தளர்ந்திருந்தால் தலை சுற்றும். டாம்சுலோசின் பிராஸ்டேட்டையே அதிகம் குறிவைக்கும் என்றாலும் ரத்தக் குழாயை முழுக்க விட்டுவைப்பதில்லை. அம்லோடிபினும் அதே திசையில் இழுக்கிறது.

வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் இதன் உச்ச அளவு 40 முதல் 70 சதவீதம் கூடும். அந்த உச்சம் நான்கைந்து மணி நேரத்தில் வரும். பத்து மணிக்குப் போட்டால், சிறுநீர் கழிக்க நீங்கள் எழும் நேரத்தில்தான் மருந்து உச்சத்தில் இருக்கும். இன்றிரவு விட்டுவிட்டு நாளை காலை உணவு முடிந்து அரை மணி கழித்துப் போடுங்கள். இனி தினமும் அதே நேரம். கேப்ஸ்யூலைப் பிரிக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். கட்டிலை விட்டு இறங்குமுன் ஒரு நிமிடம் உட்காருங்கள்.

அதன் பிறகும் சுற்றினால், ஐந்து நிமிடம் படுத்தபின் ஒரு முறையும், எழுந்து நின்று ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள். மயங்கி விழுந்தால் அன்றே போக வேண்டும்.

கண் விஷயம் இதைவிட முக்கியம். கருவிழிப்படலத்தை விரிக்கும் தசையிலும் இந்த ஏற்பிகள் இருக்கின்றன. அறுவையின் நடுவே படலம் தொளதொளத்து அலையும், கண்மணி சுருங்கும். 2005-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட சிக்கல் இது. மருந்தை நிறுத்திப் பல மாதம் ஆனவர்களிடமும் வந்திருப்பதால், நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது. கண் மருத்துவரிடம் மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள். முன்பே தெரிந்தால் படலத்தைப் பிடித்து வைக்கும் கொக்கியையோ வளையத்தையோ அவர் தயாராக வைத்துக்கொள்வார்.

மூக்கடைப்பும், விந்து குறைவாகவோ வராமலோ போவதும் இம்மருந்தில் சகஜம். விந்து சார்ந்த மாற்றத்தால் உடலுக்குக் கெடுதல் இல்லை. மூக்கடைக்கிறதே என்று சூடோஎஃபெட்ரின் அல்லது ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரை வாங்காதீர்கள்: அவை சிறுநீர்ப்பைக் கழுத்தை மறுபடி இறுக்கி, சிறுநீரை அடியோடு அடைத்துவிடக்கூடும். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில், தடலாஃபில் போன்றவற்றைச் சேர்த்தால் அழுத்தம் மேலும் சரியும். கிளாரித்ரோமைசின் (நுண்ணுயிர்க்கொல்லி), கீட்டோகோனசோல் (பூஞ்சைக்கொல்லி) இரண்டும் டாம்சுலோசினை உடலில் தேங்க வைக்கும்.

இந்த மருந்து வீக்கத்தைச் சுருக்காது, வழியைத் தளர்த்தும், அவ்வளவே. அதனால்தான் நிறுத்தினால் பழைய சிரமம் திரும்பிவிடுகிறது. சுருக்குவதற்கு ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு என்று வேறு வகை உண்டு. அவற்றின் பலன் தெரிய ஆறு மாதம்வரை ஆகலாம்.