சீசன் முடியட்டும், தங்கச்சி

கணினி: கேள்வி – பதில்

கேள்வி: நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். சீசனில் விடிய ஆறு மணிக்குப் போனால் வீடு வர இரவு எட்டாகிறது. ஒன்லைனில் கம்ப்யூட்டர் படிக்க ஆசை. இதுவரை மூன்று கோர்ஸில் சேர்ந்து மூன்றையும் பாதியில் விட்டுவிட்டேன். இப்போது வட்ஸ்அப்பில் ‘மூன்று மாதத்தில் டிப்ளோமா’ என்று ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. சேரலாமா அண்ணா?
– பெயர் போட வேண்டாம், நிலாவெளி

பதில்: வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றைப் பாதியில் விட்டதற்கு வெட்கப்படாதீர்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்தும் ஒன்லைன் கோர்ஸ்களின் கணக்கு 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. 2017–18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். சான்றிதழுக்குக் காசு கட்டிச் சேர்ந்தவர்களிலும் 46 வீதம்தான். காசு கட்டினால் முடித்துவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. முடிக்கிற எண்ணம் உள்ளவர்கள்தான் பெரும்பாலும் காசும் கட்டியிருப்பார்கள்.

என் கதையையும் கேளுங்கள். உவர்மலையில் வீடு, சீனக்குடாப் பக்கம் ஸ்டோர்ஸ் வேலை. கொரோனா நேரம் வீட்டில் அடைந்து கிடந்தபோது ஒரே இரவில் ஐந்து கோர்ஸில் சேர்ந்தேன். வேலை திரும்பத் தொடங்கியதும் ஐந்தும் அப்படியே நின்றுவிட்டன. பிறகு ஒரு கிழமை முழுக்க, ஒரு பழைய ஸ்டொக் அட்டையின் பின்பக்கத்தில், உண்மையில் எனக்குக் கிடைத்த நேரத்தை எழுதி வைத்தேன். திங்கள் 20 நிமிடம். செவ்வாய் ஸ்டொக் எடுப்பு, ஒன்றுமில்லை. புதன் 35, வியாழன் 15, வெள்ளி ஒன்றுமில்லை, சனி 40, ஞாயிறு 80. கூட்டினால் மூன்று மணி பத்து நிமிடம். நான் சேர்ந்திருந்த ஹார்வர்டின் சிஎஸ்50 என்கிற கம்ப்யூட்டர் அறிமுகக் கோர்ஸ், கிழமைக்கு 6 முதல் 18 மணி நேரம் வேண்டும் என்று முன்பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அதை வாசிக்காமல் ‘இலவசம்’ என்பதை மட்டும் வாசித்தவன் நான்.

ஆகவே முதலில் ஒரு கிழமைக்குக் கோர்ஸ் ஒன்றும் தேடாதீர்கள். நேரத்தை மட்டும் எழுதுங்கள். பஸ்ஸில் வீடியோ பார்க்கிற நேரத்தை அதில் சேர்க்க வேண்டாம். கதிரையில் இருந்து, கை விசைப்பலகையில் இருக்கிற நேரம்தான் கணக்கு.

அப்புறம், உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்கு அது கிடையாது. உங்கள் வேலைக்குப் பருவம் உண்டு. சித்திரையில் தொடங்குகிற சனம் புரட்டாசியோடு குறைந்துவிடும். கார்த்திகையில் மழை இறங்கினால் புறாத்தீவுக்குப் படகும் இல்லை, ரிசப்ஷனில் மணியடிக்க ஆளும் இல்லை. பெரிய கோர்ஸை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் அதைத் தொடங்குவது உங்களுக்கு நீங்களே செய்கிற அநியாயம்.

சீசனில் செய்ய வேண்டியது எக்செல். அதையும் முழுக் கோர்ஸாக வேண்டாம்; உங்கள் மேசையிலேயே பாடம் கிடக்கிறது. விருந்தினர் பெயர், நாடு, வந்த திகதி, போன திகதி என்று போன வருடப் பதிவில் ஒரு ஐம்பது வரியை அடியுங்கள். போன திகதியிலிருந்து வந்த திகதியைக் கழித்தால் எத்தனை இரவு என்று வரும். சில வேளை 3 என்று வராமல் 1900 ஜனவரி 3 என்று வரும். பயப்படாதீர்கள். எக்செல் திகதிகளை 1900 ஜனவரி 1ஐ ஒன்றாக வைத்து எண்களாகத்தான் எண்ணுகிறது. அந்தக் கட்டத்தின் வடிவத்தை ‘நம்பர்’ என்று மாற்றினால் 3 வந்துவிடும். பிறகு பிவட் டேபிளில், அதாவது பதிவுகளை வகை பிரித்துக் கூட்டித் தரும் எக்செல் அட்டவணையில், நாட்டையும் இரவையும் போட்டால், எந்த நாட்டுக்காரர் கூட நாள் தங்குகிறார் என்று உங்கள் மனேஜருக்கே நீங்கள் காட்டலாம். இருபது நிமிடத் துண்டுகளாகப் படிக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

கார்த்திகைக்கு இரண்டு சொல்கிறேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தன் ஒன்லைன் தளத்தில் பைதன் என்கிற புரோகிராமிங் மொழி, வெப் டிசைன் ஆகியவற்றின் ஆரம்பப் பாடங்களை இலவசமாக நடத்துகிறது. முதலில் அது. நேரம் கூடினால் சிஎஸ்50. எதில் சேர முதலும், வீடியோவைப் பார்த்து மயங்காமல் வீட்டுவேலை என்ன கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சிஎஸ்50இன் முதல் கிழமைகளில், திரையில் ஹாஷ் (#) குறிகளால் ஒரு படிக்கட்டுக் கோபுரம் கட்டச் சொல்வார்கள். என் கோபுரம் வலப்பக்கம் சாய வேண்டியது இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அனுப்பினால் இயந்திரமே திருத்தி, பிழைக்குச் சிவப்பில் ஒரு அழுமூஞ்சி காட்டும். ஒரு இடைவெளியை எங்கே போடுவது என்று மூன்று இரவு மண்டையை உடைத்தேன். நாலாம் இரவு பச்சைச் சிரிப்பு வந்தபோது மனைவியை எழுப்பிக் காட்டி ஏச்சும் வாங்கினேன். நான் பார்த்த நூறு வீடியோவில் ஒன்றும் நினைவில்லை. அந்த இடைவெளி மட்டும் மறக்கவில்லை.

இனி அந்த டிப்ளோமா. நானும் அப்படி ஒன்றுக்கு 38,000 ரூபா கட்டியிருக்கிறேன். கிடைத்தது 14 பிடிஎஃப், ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்லைடை அப்படியே வாசிக்கிற ஒரு சூம் வகுப்பு. ஒரு வீட்டுவேலையையும் யாரும் திருத்தவில்லை. காசு கேட்கிறவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா? என்விகியூ, அதாவது தேசிய தொழில் தகைமை, எத்தனையாம் மட்டம்? டிப்ளோமா என்றால் ஐந்தோ ஆறோ வர வேண்டும். பதிவு இருப்பதாகச் சொன்னாலும் ஆணைக்குழுவின் தளத்தில் நீங்களே ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: லப்டொப் இல்லை. ஃபோனை மட்டும் வைத்து புரோகிராமிங் படிக்க முடியுமா?
– கிண்ணியா வாசகர்

பதில்: தொடங்கலாம், தொடர முடியாது. கோட் எழுதி ஓட்டிப் பார்க்கிற கூகுள் கோலாப் தளம் ஃபோன் பிரவுசரிலும் திறக்கும். பைதனில் பத்து வரி எழுதிப் பார்க்கலாம். இருபதாவது வரியில் அடைப்புக்குறி தேடியே விரல் நொந்துவிடும். பழைய லப்டொப் ஒன்று வாங்குகிற யோசனை இருந்தால், நான்கு ஜிபி ரேமுக்குக் குறைந்ததை யார் தந்தாலும் வேண்டாம். உங்கள் பக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருந்தால், வீடியோக்களை அந்த நேரம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவின் தரம் 480பி போதும், எழுத்து தெரியும்.

கேள்வி: சில்லறைச் சான்றிதழ் வேண்டாம், பட்டமே வேண்டும். வேலையை விடாமல் முடியுமா?
– தம்பலகாமம் வாசகர்

பதில்: கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி என்கிற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மூன்று வருடம். முதல் வருடத்தோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா. இடையில் கல்யாணமோ இடமாற்றமோ வந்தாலும் கை வெறுமையாகாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். பரீட்சை ஆங்கிலத்தில். அதற்குப் பயந்தால் முதல் ஆறு மாதத்தை ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் சொல்கிறீர்களே, அந்த ஹார்வர்ட் கோர்ஸை நீங்கள் முடித்தீர்களா?
– திருமலை நகர வாசகர்

பதில்: இல்லை. நாலாம் கிழமை, கம்ப்யூட்டர் நினைவக முகவரிகளைப் பற்றிய பொயின்டர் பாடத்தில் நிற்கிறேன். ஸ்டோர்ஸில் ஆண்டுக் கணக்கெடுப்பு முடியட்டும்.