சிறுநீரகம் மாற்றியவருக்கு நுரையீரல் பூஞ்சைத் தொற்று: ஊர் வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. பென்னாகரம் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்புகிறார். வீட்டில் மாடு, வைக்கோல் போர், பட்டுப்புழு மனை எல்லாம் உண்டு. நுரையீரலில் பூஞ்சை வரும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

உண்மைதான், ஆனால் மாட்டைத் தொடுவதால் வராது. தூசியால்தான் வரும்.

ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் 2 முதல் 3 மைக்ரான் அளவுதான். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும். நம் உடம்பு அதை அங்கேயே அழித்துவிடும். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு சாப்பிடுபவர் உடம்பால் அது முடியாமல் போகலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. பேரப்பிள்ளைகளைத் தள்ளி வைக்க வேண்டாம்.

ஈரத்தோடு போர் போட்ட வைக்கோலும் ராகித் தாளும்தான் பெரிய ஆபத்து. உள்ளே சூடேறினாலும் இந்தப் பூஞ்சை 50 டிகிரி வரை வளரும். போரைப் பிரித்து உதறும்போது சாம்பல் பச்சையாகப் புகைபோல எழுவது வித்துதான். எருக்குழி கிளறுவது, பட்டுப்புழுப் படுக்கை சுத்தம் செய்வது, பழைய ஓட்டுக் கூரை பிரிப்பது எதற்கும் முதல் ஆறு மாதம் அப்பா பக்கத்தில் இருக்கக் கூடாது. பிறகும் டாக்டரைக் கேட்டுவிட்டே போகட்டும். வாயில் துண்டு கட்டுவது பயன்படாது. தவிர்க்கவே முடியாவிட்டால் என்95 முகக்கவசம், மூக்குக் கம்பியை அழுத்தி இடைவெளி இல்லாமல்.

முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தனியாக மாத்திரை வாங்க விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் எதிர்ப்புச் சக்தி இன்னும் இறங்கும். செப்ட்ரான் மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அது நிமோசிஸ்டிஸ் என்ற வேறொரு பூஞ்சையைத் தடுக்க.

காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி வந்தால் அன்றே மாற்று அறுவை செய்த டாக்டரிடம் சொல்லுங்கள். சளியில் துளி ரத்தம் தெரிந்தாலும் அப்படித்தான். எக்ஸ்ரே ஆரம்பத்தில் சுத்தமாக இருக்கலாம், அதை நம்பி உட்காராதீர்கள். ஆன்டிபயாடிக் போட்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் நெஞ்சு சிடி ஸ்கேன் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். தேவைப்பட்டால் நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுத்த நீரில் கேலக்டோமேனன் (ஆஸ்பெர்ஜில்லஸ் வெளிவிடும் ஒரு பொருள்) இருக்கிறதா என்று பரிசோதனை செய்வார்கள்.

நம் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ஸ்கேனில் குழி தெரிந்ததும், சளியில் கிருமி இல்லாமலேயே டிபி மருந்து ஆரம்பித்துவிடுவார்கள். டிபியும் வரக்கூடியதுதான், ஆனால் பூஞ்சையாக இருந்தால் வாரக்கணக்கில் நேரம் போய்விடும். டிபி மருந்திலுள்ள ரிஃபாம்பிசின், பூஞ்சைக்கான வோரிகோனசோலின் அளவை ரத்தத்தில் அடியோடு இறக்கிவிடும், டாக்ரோலிமஸையும் குறைக்கும். புளூகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து ஆஸ்பெர்ஜில்லஸைத் தொடவே தொடாது.

வோரிகோனசோலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ, குறைந்தது 6 முதல் 12 வாரம் சாப்பிட வேண்டும். வெயில் பட்டால் தோல் கருகும். பார்வை மங்கலாம், ராத்திரி வண்டி ஓட்டக் கூடாது. இது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும் என்பதால், ஆரம்பிக்கும் அன்றே டாக்ரோலிமஸைச் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பார்கள்; இல்லையென்றால் புதுச் சிறுநீரகமே கெடும். வோரிகோனசோலை நிறுத்தும்போது டாக்ரோலிமஸை மறுபடி ஏற்ற வேண்டும். இந்த இரண்டு சமயத்திலும் ரத்த அளவு பார்க்கத் தேதி கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.